எங்கும் எழுதப்படாத பத்து மணி

2023 ஏப்ரல் 18, செவ்வாய்க்கிழமை. லண்டனில் இருக்கும் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் மாலை நான்கு மணிக்கு வீடியோ அறையைத் திறந்து வைத்துக்கொண்டு கால் மணி நேரம் காத்திருந்தார். யாரும் வரவில்லை. 'வரவில்லை' என்று குறித்துவிட்டு அறையை மூடிவிட்டார். அதற்கு முக்கால் மணி நேரம் கழித்து, மெக்சிகோ சிட்டியில் ஒரு அம்மா தன் ஆறு வயது மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அதே அறைக்குள் வந்தார். அங்கே மணி காலை பத்து. திரையில் அவர்கள் இருவர் முகம் மட்டும்தான் தெரிந்தது. அந்தப் பையனுக்குத் திக்குவாய். வாரத்துக்கு ஒரு முறை, அரை மணி நேரம் மட்டும் கிடைக்கிற பயிற்சி அது; இரண்டு வார விடுமுறைக்குப் பிறகு வந்த முதல் பயிற்சி வேறு. அன்று இரவுக்குள் இரண்டு பேரிடமிருந்தும் எங்களுக்குக் கடிதம் வந்துவிட்டது. நான் நேரத்துக்கு வந்தேன் என்று பயிற்சியாளர் எழுதியிருந்தார். நாங்கள் நேரத்துக்கு வந்தோம் என்று அம்மா எழுதியிருந்தார். இரண்டு பேர் சொன்னதும் உண்மை.

இந்தப் பயிற்சிகளுக்கு நேரம் முன்பதிவு செய்கிற புரோகிராமை எழுதிய மூன்று பேரில் நானும் ஒருவன். நேரம் சம்பந்தப்பட்ட பகுதி முழுக்க நான் எழுதியது. 'டேட்டாபேஸுக்குள் யுடிசி தவிர வேறு எதுவும் போகக்கூடாது, காட்டும்போதுதான் உள்ளூர் நேரமாக மாற்ற வேண்டும்' என்று, ஒருவர் எழுதியதை மற்றவர் சரிபார்க்கும் கோடு ரிவ்யூவில் பல வருடங்களாகச் சொல்லி வந்தவனும் நான்தான். யுடிசி என்பது உலகம் முழுவதற்கும் பொதுவாக வைத்திருக்கிற, கோடைக்கும் குளிருக்கும் மாறாத நேரம். அந்த விதியை யாராவது மீறியிருப்பார்கள், அதனால்தான் இப்படி ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் தேட ஆரம்பித்தேன். மூன்று நாள் தேடிய பிறகு தெரிந்தது, யாரும் மீறவில்லை. விதியை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்ததால்தான் அந்தப் பையனுக்கு அன்றைக்குப் பயிற்சி இல்லாமல் போனது. அப்போதிருந்து இந்த விஷயம் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. எழுதிப் பார்த்தால் தெளியும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். யுடிசியில் சேமிப்பது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. நடந்து முடிந்த ஒன்றைக் குறிக்க அதைவிட நல்ல வழி கிடையாது. பல நாடுகளில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைத்து, பிறகு பின்னால் வைப்பார்கள்; அதுதான் கோடைகால நேரம். அதனால் நியூயார்க்கில் நவம்பர் முதல் ஞாயிறன்று அதிகாலை ஒன்றிலிருந்து இரண்டு வரைக்கும் உள்ள ஒரு மணி நேரம் இரண்டு தடவை வருகிறது. அந்த நேரத்தில் ஒரு சர்வர் தன் வேலைகளைக் குறித்து வைக்கும் லாக்கில் 1:50 என்று ஒரு பதிவும் அதற்குக் கீழே 1:10 என்று ஒரு பதிவும் இருந்தால், நேரம் பின்னால் போனதா, லாக் குழம்பியதா என்று படிக்கிறவருக்குத் தெரியாது. பணம் எப்போது வந்தது, யார் எப்போது உள்ளே நுழைந்தார், எந்தப் பிழை எந்தப் பிழைக்கு முன்னால் வந்தது, இதையெல்லாம் யுடிசியில் வைத்தால் வரிசை மாறாது, சண்டை வராது. என் அனுபவம் முழுக்க இந்த மாதிரியான நேரங்களோடுதான் இருந்தது. அதனால் நேரம் என்றாலே இதுதான் என்று நினைத்துவிட்டேன்.

ஏழு மாதத்துக்கு முந்தைய கணக்கு

அந்த அம்மா முன்பதிவு செய்தது 2022 செப்டம்பரில். பள்ளி ஆண்டு முழுவதற்கும் சேர்த்து, செவ்வாய்தோறும் காலை பத்து மணி என்று ஒரே முறை தேர்ந்தெடுத்திருக்கிறார். பையனுக்குப் பிற்பகல் பள்ளி, அதனால் காலைதான் முடியும். எங்கள் புரோகிராம் அதை ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு ரெக்கார்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் யுடிசிக்கு மாற்றிச் சேமித்தது. மெக்சிகோ சிட்டி குளிர்காலத்தில் யுடிசிக்கு ஆறு மணி நேரம் பின்னால், அதனால் அந்த மாதங்களுக்கு 16:00. ஏப்ரல் முதல் ஞாயிறுக்குப் பிறகு கோடைகால நேரம், ஐந்து மணி நேரம்தான் பின்னால், அதனால் அந்த மாதங்களுக்கு 15:00. அன்றைய தேதிக்கு இருந்த விதிப்படி ஒவ்வொரு ரெக்கார்டும் சரி. நானே பத்துப் பன்னிரண்டு ரெக்கார்டை எடுத்துக் கையால் கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஒரு நிமிடம்கூட பிசகவில்லை.

அக்டோபர் கடைசியில் மெக்சிகோ அரசு கோடைகால நேரத்தை நாட்டின் பெரும்பகுதியில் ஒழித்துவிட்டது. சட்டம் அரசிதழில் வந்தது அக்டோபர் 28, அமலுக்கு வந்தது அக்டோபர் 30. இதில் கவனிக்க வேண்டியது, அந்த அக்டோபர் 30 எப்படியும் கோடைகால நேரம் முடிகிற நாள்தான். வழக்கம்போல எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்தார்கள். அன்றைக்கு எதுவும் மாறியதாகவே தெரிந்திருக்காது. மாற்றம் கிடந்தது அடுத்த ஏப்ரலில். ஏப்ரல் 2ஆம் தேதி முன்னால் போக வேண்டிய கடிகாரம் போகாது, அவ்வளவுதான். எந்த ஊர்க் கடிகாரம் எப்போது மாறும் என்ற விதிகளைக் கம்ப்யூட்டர்களுக்குச் சொல்கிற நேர மண்டலத் தரவில் இந்த மாற்றம் உடனே ஏறிவிட்டது. நாங்களும் டிசம்பரில் சர்வர்களில் அதை அப்டேட் செய்துவிட்டோம், அதுவும் சரியான வேலைதான். ஆனால் அந்த அப்டேட் நடந்த நிமிடத்திலிருந்து, ஏப்ரலுக்கு உரிய ரெக்கார்டில் இருந்த 15:00 என்பது மெக்சிகோ சிட்டியில் காலை ஒன்பதாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. டிசம்பரில் உட்கார்ந்துகொண்டு ஏப்ரல் மாதக் காலண்டரை யார் பார்க்கிறார்கள்? நாலு மாதம் அந்தத் தப்பு அங்கேயே கிடந்திருக்கிறது.

பயிற்சியாளர் பக்கத்தில் சந்தேகம் வரவே வழியில்லை. அவருக்கு இந்தப் பயிற்சி குளிர்காலத்தில் மாலை நான்கு மணி. மார்ச் கடைசி ஞாயிறன்று லண்டன் கடிகாரம் முன்னால் போகும், மெக்சிகோ ஒரு வாரம் கழித்துத்தான் போகும். அந்த ஒரு வாரம் மட்டும் ஐந்து மணியாகும், பிறகு மறுபடியும் நான்கு. முந்தைய வருடமும் அப்படித்தான் நடந்தது. அந்த ஒரு வாரத்துக்காக ஐந்து மணிக்கு வரும் இன்னொரு குழந்தையை வேறு நாளுக்கு மாற்றிக்கொள்வாராம். 2023லும் மார்ச் கடைசி வாரம் ஐந்து, பிறகு விடுமுறை, பிறகு நான்கு. திரை சொன்னதும் அவர் நினைவும் ஒத்துப்போயின. அந்த அம்மாவுக்கோ காலை எட்டு மணிக்கு 'இன்னும் ஒரு மணி நேரத்தில் பயிற்சி' என்று ரிமைண்டர் போயிருக்கிறது. அதைப் பார்த்தும் இருக்கிறார். ஏதோ தவறி வந்திருக்கிறது, ஏழு மாதமாகப் பத்து மணிக்குத்தானே நடக்கிறது என்று விட்டுவிட்டார். புரோகிராம் சொன்னதைவிடப் பேசி வைத்ததை அவர் நம்பியிருக்கிறார். அது சரியான நம்பிக்கை.

நான் நின்றுபோன இடம் இதுதான். மூன்றாம் நாள் மாலை டேட்டாபேஸில் அந்த ஒரே ஒரு ரெக்கார்டைத் திறந்து வைத்திருந்தேன். 2023-04-18 15:00:00. பக்கத்தில் பயிற்சியாளர் எண், குழந்தையின் எண், பதிவு செய்த தேதி. அவ்வளவுதான். பத்து என்ற எண் அதில் எங்கேயும் இல்லை. அந்த அம்மா எங்களிடம் சொன்னது ஒரே ஒரு விஷயம், என் ஊர்க் கடிகாரத்தில் காலை பத்து. அதை வாங்கி, அன்றைய விதியைப் போட்டு, வேறொரு எண்ணாக மாற்றி, அவர் சொன்னதைத் தூக்கிப் போட்டுவிட்டோம். விடையை வைத்துக்கொண்டு கேள்வியை அழித்துவிட்ட மாதிரி. விதி மாறாத வரைக்கும் விடையிலிருந்து கேள்வியைத் திரும்ப வரவழைக்கலாம் என்ற நம்பிக்கையில்தான் அப்படிச் செய்திருக்கிறோம். அப்படி ஒரு நம்பிக்கை வைத்திருக்கிறோம் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது.

பின்னோக்கிப் போட்ட கணக்கு

அதே பிரச்சினையில் இருந்த மற்ற ரெக்கார்டுகளைக் காப்பாற்ற வேண்டும். வழி எளிது என்றுதான் முதலில் தோன்றியது. நேர மண்டலத் தரவின் பழைய பதிப்பு, அதாவது மெக்சிகோ மாற்றம் ஏறுவதற்கு முந்தைய 2022இ, பொதுவில் கிடைக்கிறது. அதை இறக்கித் தனி டைரக்டரியில் கம்பைல் செய்து வைத்துக்கொண்டு, பைத்தான் மொழியில் நேர மண்டலங்களைக் கையாளும் சோன்இன்ஃபோவை அந்த டைரக்டரியைப் பார்க்கச் சொல்லி, 15:00 யுடிசியைக் கொடுத்தால் 10:00 என்று திரும்பி வருகிறது. அக்டோபர் 28க்கு முன்னால் பதிவானவை எல்லாம் அரை நாளில் சரியாகிவிட்டன. அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள்தான் விஷயம் உறைத்தது. அக்டோபர் 28க்குப் பிறகு பதிவானவை? எங்கள் சர்வர் அப்டேட் ஆன தேதி தெரியும், அதை வைத்துப் பிரிக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் யுடிசிக்கு மாற்றும் வேலை சர்வரில் நடக்கவே இல்லை. எங்கள் பதிவுப் பக்கத்தில் நேரத்தைத் தேர்ந்தெடுத்ததும், பதிவு செய்பவரின் பிரௌசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் அதை அங்கேயே யுடிசியாக்கி, யுடிசி என்பதற்கு அடையாளமாகக் கடைசியில் ஒரு இசட் எழுத்தை ஒட்டி எங்களுக்கு அனுப்பியது. அப்படியானால் மாற்றத்துக்குப் பயன்பட்ட விதி யாருடையது? பதிவு செய்தவர் கையில் இருந்த போனுடையது, லேப்டாப்புடையது. ஒழுங்காக அப்டேட் வாங்குகிற லேப்டாப்புக்குப் புதிய விதி நவம்பரிலேயே தெரிந்திருக்கும். இரண்டு மூன்று வருடமாக அப்டேட்டே வராத போனுக்கு அடுத்த ஏப்ரலிலும் தெரிந்திருக்காது. டிசம்பரில் பதிவான ஓர் ஏப்ரல் ரெக்கார்டில் 15:00 இருந்தால், பழைய போன்காரர் பத்து மணி என்று சொன்னதாகவும் இருக்கலாம், புதிய போன்காரர் ஒன்பது மணி என்று சொன்னதாகவும் இருக்கலாம். எண்ணைப் பார்த்துச் சொல்ல வழியே இல்லை. எந்த விதிப்புத்தகத்தை வைத்துக் கணக்குப் போட்டோம் என்பதையும் நாங்கள் குறித்து வைக்கவில்லை, அந்தப் புத்தகம் எங்கள் கையிலும் இருக்கவில்லை.

கொஞ்சம் உதவிய ஒன்று உண்டு. வாராவாரம் தொடர்கிற பதிவுகளில் குளிர்கால ரெக்கார்டுகள் சாட்சியாக நின்றன. டிசம்பர், ஜனவரிக்கு ஆறு மணி நேர வித்தியாசம் என்பதில் பழைய விதிக்கும் புதிய விதிக்கும் தகராறு இல்லை. அந்த மாதங்களில் 16:00 இருந்தால் அந்தக் குடும்பம் சொன்னது பத்து மணிதான். அதை வைத்து அதே தொடரின் ஏப்ரல், மே ரெக்கார்டுகளையும் சரி செய்துவிடலாம். இந்த யோசனை எங்கள் குழுவில் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த ஒருவருடையது, இன்றுவரைக்கும் எனக்கு அதில் வியப்புத்தான். ஆனால் ஏப்ரலுக்குப் பிறகு ஒரே ஒரு பயிற்சிக்கு மட்டும் பதிவு செய்தவர்களுக்குச் சாட்சி யாரும் இல்லை. அவர்கள் ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதினோம். நீங்கள் பதிவு செய்தபோது எத்தனை மணி என்று நினைத்துப் பதிவு செய்தீர்கள் என்று கேட்டு. நேரத்தை ஒரு கணம் தப்பாமல் சேமிக்கிறோம் என்று நம்பிய ஒரு புரோகிராமிலிருந்து அப்படி ஒரு கடிதம் போனதை என்னால் லேசில் மறக்க முடியாது.

நடந்தது வேறு, சொல்லி வைத்தது வேறு

இப்போது என் மனதில் நிற்கிற பிரிவு இது. நடந்து முடிந்தது ஒரு கணம். அதைக் குறிக்க யுடிசி போதும். நடக்கப்போவது பெரும்பாலும் ஒரு பேச்சு. இந்த ஊரில், இந்தத் தேதியில், சுவரில் மாட்டியிருக்கிற கடிகாரம் பத்து காட்டும்போது சந்திப்போம் என்று மனிதர்கள் பேசி வைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கடிகாரம் எப்போது பத்து காட்டும் என்பதை அந்த ஊர் அரசாங்கம் தீர்மானிக்கிறது, எப்போது வேண்டுமானாலும் மாற்றியும் தீர்மானிக்கலாம். அப்படியானால் சேமிக்க வேண்டியது மூன்று: தேதி, கடிகாரம் காட்டும் மணி, ஊர். யுடிசி என்பது இந்த மூன்றிலிருந்து இன்றைய விதிப்படி கிடைக்கிற ஒரு கணிப்பு. அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், ரிமைண்டர் அனுப்ப, வரிசைப்படுத்த அது வேண்டும். ஆனால் கணிப்பு என்று தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

எதிர்காலத்தில் எல்லாமே இப்படி என்று இல்லை. இருபது நிமிடத்தில் காலாவதியாகிற ஒரு லாகின் டோக்கன், எழுபத்திரண்டு மணி நேரம் கழித்து ஓட வேண்டிய ஒரு வேலை, இவை உண்மையிலேயே கணங்கள்தான். எந்த ஊர் விதி மாறினாலும் இவை நகரக்கூடாது. 'நாளைக்கு இதே நேரம்' என்பதும் 'இன்னும் 24 மணி நேரத்தில்' என்பதும் வருடத்தில் இரண்டு நாள் வேறு வேறாகிவிடுகிற ஊர்கள் உலகில் நிறைய. பயனர் எதைச் சொன்னார் என்று கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும், டேட்டாபேஸ் வகையைப் பார்த்து அல்ல. இன்னொரு பக்கம், பிறந்த நாள் மாதிரி வெறும் தேதிகள். அவற்றுக்கு நேரமும் கிடையாது, மண்டலமும் கிடையாது. ஜாவாஸ்கிரிப்டில் 2023-04-18 என்று தேதியை மட்டும் கொடுத்தால் அதை அது யுடிசி நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். மெக்சிகோ சிட்டியில் அது முந்தைய நாள் மாலை ஆறு மணி, அதனால் திரையில் 17 என்று வந்து நிற்கும். பிறந்த தேதி ஒரு நாள் முன்னால் போய்விட்டது என்று வருகிற புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் காரணம்.

ஊர் என்று சொல்லும்போது ஆஃப்செட்டை, அதாவது யுடிசியிலிருந்து எத்தனை மணி நேரம் தள்ளி என்ற எண்ணை, சொல்லவில்லை என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் குழுவிலேயே முதலில் வந்த தீர்வு, 10:00 என்பதோடு -05:00 என்பதையும் சேர்த்து வைத்துவிடலாம் என்பதுதான். பத்து தப்பிப் பிழைக்கும், உண்மைதான். ஆனால் -05:00 எங்கிருந்து வந்தது? அதே பழைய விதியிலிருந்து. அது ஊரின் பெயர் அல்ல, ஒரு நாளில் அந்த ஊர் எங்கே நின்றது என்பதற்கான அடையாளம் மட்டும். இணையத்தில் நேரத்தை எப்படி எழுதுவது என்று சொல்லும் தர ஆவணமான ஆர்எஃப்சி 3339 வடிவத்தில் ஆஃப்செட்டுக்கு மட்டும்தான் இடம் இருந்தது. 2024ல் வந்த ஆர்எஃப்சி 9557தான் பின்னால் சதுர அடைப்புக்குறிக்குள் மண்டலத்தின் பெயரையும் எழுத வழி செய்தது. இரண்டும் இருந்து இரண்டும் முரண்பட்டால் என்ன செய்வது என்ற கேள்வியையும் அது எடுத்துப் பேசுகிறது. தேதி, நேரத்தைக் கையாள ஜாவாஸ்கிரிப்டில் புதிதாக வந்த டெம்போரலில் ஆஃப்செட்டை நம்புவதா, ஒதுக்குவதா, முடிந்தால் நம்புவதா, முரண்பட்டால் பிழை காட்டுவதா என்று நாலு தேர்வு வைத்திருக்கிறார்கள். எங்கள் கதையைத் தெரிந்துகொண்டே யாரோ உட்கார்ந்து எழுதிய மாதிரி இருந்தது அதைப் படித்தபோது. மூன்றெழுத்துச் சுருக்கங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஐஎஸ்டி என்றால் இந்தியாவா, இஸ்ரேலா, அயர்லாந்தா? சிஎஸ்டி என்றால் சிகாகோவா, சீனாவா, கியூபாவா? அப்புறம் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் நேரத்தைச் சேமிக்கும் 'டைம்ஸ்டாம்ப் வித் டைம் சோன்' என்ற வகை. பெயரிலேயே நேர மண்டலம் இருக்கிறது, உள்ளே இல்லை. கொடுத்ததை யுடிசியாக்கி வைத்துக்கொண்டு மண்டலத்தை விட்டுவிடும். அந்தப் பெயரை நம்பி, மண்டலம் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்திருந்தவர் எங்கள் குழுவிலேயே இரண்டு பேர்.

விதிகளை எழுதி வைப்பவர்கள்

இந்த விஷயத்தில் இறங்கிய பிறகுதான் நேர மண்டலத் தரவின் கோப்புகளை நேராகத் திறந்து படித்தேன். அதுவரை அது எனக்கு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோடு வருகிற ஏதோ ஒன்று. 1980களில் ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கியது. நீண்ட காலமாக அதைப் பராமரித்து வருபவர் பால் எக்கர்ட். 2011 முதல், இணையப் பெயர்களையும் எண்களையும் நிர்வகிக்கும் ஐகான் அமைப்பின் கீழ் இருக்கும் ஐஏஎன்ஏ வெளியிடுகிறது. உள்ளே இருப்பது வெறும் எழுத்துக் கோப்புகள். ஒவ்வொரு விதிக்கும் மேலே, இது எப்படித் தெரிந்தது, எந்தச் செய்தியில் வந்தது, யார் தெரிவித்தார் என்று குறிப்புகள். அமெரிக்கா/மெக்சிகோ_சிட்டி என்று (இங்கே அமெரிக்கா என்பது நாடு அல்ல, கண்டம்) நகரத்தின் பெயரால் மண்டலத்தைக் குறிப்பதற்கும் காரணம் இருக்கிறது. நாடுகள் பிரியும், சேரும், ஒரு நாட்டுக்குள்ளேயே ஒரு பகுதி தனியாகப் போகும். மெக்சிகோவிலேயே அமெரிக்க எல்லையோரம் இருக்கும் டிஹுவானா மாதிரியான ஊர்களில் கோடைகால நேரம் இன்றும் இருக்கிறது. எங்கள் பதிவுப் பக்கத்தில் நாட்டை மட்டும்தான் கேட்டிருந்தோம். அதையும் மாற்ற வேண்டியிருந்தது.

நாங்கள் இதில் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த அதே வசந்தத்தில்தான் லெபனானில் அந்தக் குழப்பம் நடந்திருந்தது. மார்ச் 26ல் தொடங்க வேண்டிய கோடைகால நேரத்தை ரமலானை ஒட்டி ஏப்ரல் 20 வரை தள்ளிவைப்பதாக மார்ச் 23ல் பிரதமர் அறிவிக்கிறார். மூன்று நாள் அவகாசம். அங்குள்ள கிறிஸ்தவர்களின் மாரோனைட் திருச்சபையும் இன்னும் பலரும் ஏற்க மறுத்து, 26ஆம் தேதியே கடிகாரத்தை முன்னால் வைத்துவிட்டார்கள். சில நாட்கள் ஒரே நாட்டில் இரண்டு நேரம் ஓடியது. 27ல் அரசு பின்வாங்கியது, 29ஆம் தேதி நள்ளிரவில் நேரம் மாறியது. தரவுக் கோப்பு என்ன செய்தது என்று பார்த்தேன். 23ஆம் தேதி தள்ளிவைப்பை ஏற்றி 2023பி வெளியிட்டார்கள். 28ஆம் தேதி அதைத் திரும்ப எடுத்து 2023சி வெளியிட்டார்கள், அது 2023ஏவைப் போலவேதான். அதாவது இன்று எந்தக் கம்ப்யூட்டரைக் கேட்டாலும் லெபனானில் மார்ச் 26லேயே நேரம் மாறிவிட்டது என்றுதான் சொல்லும். அந்த சில நாட்களில் பெய்ரூத்தில் ஒருவர் இன்னொருவரிடம் 'எந்தப் பத்து மணி?' என்று கேட்டிருப்பாரே, அது எந்தக் கோப்பிலும் இல்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை. அப்படி ஒரு குழப்பத்துக்கு ஒரே ஒரு வரி எழுதச் சொன்னால் அந்த வரிதான் நியாயம் என்று எனக்கும் படுகிறது. விதி என்று நாம் நம்புவது இப்படி மனிதர்கள் உட்கார்ந்து, செய்தி படித்து, யோசித்து எழுதுவது என்பது தெரிந்த பிறகு, அதை வைத்துப் போட்ட கணக்கை அழியாத உண்மை மாதிரி சேமிக்க எனக்குக் கை வரவில்லை.

மாற்றி எழுதும்போது இன்னொரு சிக்கலும் வந்தது. ஊர் நேரத்தை அப்படியே வைத்தால், அந்த நேரமே இல்லாத நாள் வரும். நியூயார்க்கில் மார்ச் மாத இரண்டாம் ஞாயிறன்று அதிகாலை 2:30 கிடையாது, இரண்டிலிருந்து நேராக மூன்று. பிரேசிலில் 2019ல் கோடைகால நேரத்தை ஒழிக்கும்வரை சாவ் பாவ்லோவில் நள்ளிரவிலேயே கடிகாரம் ஒரு மணிக்குத் தாவும். அந்த நாளுக்கு 00:00 என்ற தொடக்கமே இல்லை, நாள் தொடங்குவதே 01:00க்கு. நாளின் தொடக்கம் என்றால் பூஜ்யம் மணி என்று எழுதி வைத்திருந்த புரோகிராம்கள் அங்கே விழுந்திருக்கின்றன. ஜாவாவைக் கேட்டால் இல்லாத நேரத்தை அந்த இடைவெளி அளவுக்கு முன்னால் தள்ளிக் கொடுக்கும், இரண்டு தடவை வரும் நேரத்தில் முதலாவதை எடுத்துக்கொள்ளும். பைத்தானில் இரண்டில் எது என்று ஃபோல்டு என்ற ஒரு குறியால் சொல்லலாம், சொல்லாவிட்டால் முதலாவது. எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது, அதிகாலை இரண்டு மணிக்கு யாரும் பேச்சுப் பயிற்சி வைத்துக்கொள்வதில்லை. மருந்து கொடுக்கும் அட்டவணை எழுதுகிறவர் இப்படி விட்டுவிட முடியாது.

யாருடைய கடிகாரம்

புதிய அமைப்பில் ஒவ்வொரு பதிவிலும் ஊர் நேரம், மண்டலத்தின் பெயர், அதிலிருந்து கணக்கிட்ட யுடிசி, கணக்கிட்டபோது இருந்த தரவின் பதிப்பு, இவை நாலும் இருக்கின்றன. மாற்றும் வேலை இப்போது சர்வரில் மட்டும்தான். புதிய தரவுப் பதிப்பு வரும்போதெல்லாம் ஒரு ஸ்கிரிப்ட் ஓடி, இனிமேல் நடக்கப்போகிற எல்லாப் பதிவுகளுக்கும் யுடிசியைத் திரும்பக் கணக்கிடுகிறது. மாறியவற்றைப் பட்டியலாகக் கொடுக்கிறது. 2024 மார்ச் 1ல் கஜகஸ்தான் முழுவதும் ஒரே நேரத்துக்கு மாறியபோது முதல் முறையாக அந்தப் பட்டியலில் பெயர்கள் வந்தன. அன்று யாரும் காலி அறையில் உட்காரவில்லை.

ஆனால் இதை எழுதி முடிக்கும்போதுதான் ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது என்று தெரிந்தது. ஒரு பயிற்சியில் இரண்டு ஊர் இருக்கிறது. எந்த ஊர்க் கடிகாரத்தின் மேல் அந்தப் பேச்சு நிற்கிறது? இதற்குப் புரோகிராமில் விடை கிடையாது. நாங்கள் குழந்தையின் ஊர் என்று வைத்தோம், ஏனென்றால் பள்ளி, தூக்கம், அம்மாவின் வேலை எல்லாம் அந்தக் கடிகாரத்தோடு கட்டியிருக்கிறது. அப்படி வைத்து அந்தச் செவ்வாய்ப் பயிற்சிகளைத் திரும்பக் கணக்கிட்டபோது, மெக்சிகோ சிட்டியில் பத்து மணி பத்து மணியாகவே நின்றது. லண்டனில் அது மாலை ஐந்தாகிவிட்டது, ஒரு வாரத்துக்கு அல்ல, அக்டோபர் கடைசி வரைக்கும். ஐந்து மணிக்குத்தான் அந்த இன்னொரு குழந்தை இருக்கிறதே. எங்கள் திரையில் இரண்டு பதிவும் ஒன்றின் மேல் ஒன்று சிவப்பாக நின்றன.

அதைத் தானாகத் தீர்க்க எழுதலாமா என்று ஒரு நாள் பேசினோம். வேண்டாம் என்று முடிவு செய்து, இரண்டு பேருக்கும் நடந்ததை விளக்கி எழுதினோம். உங்கள் ஊரில் இத்தனை மணி, அவர் ஊரில் இத்தனை மணி, இதனால் இப்படி மோதுகிறது, நீங்கள் பேசிச் சொல்லுங்கள் என்று. இரண்டு நாளில் பதில் வந்தது. அரை மணி நேரம் முன்னால் வந்தால் இரண்டு பேருக்கும் ஒத்துவருமாம், லண்டனில் நாலரைக்குத் தொடங்கி ஐந்துக்கு முடித்துவிடலாம், பையனுக்கும் பள்ளிக்குக் கிளம்ப இன்னும் கொஞ்சம் நேரம் கிடைக்கும். அடுத்த செவ்வாய்க்கான ரெக்கார்டை நானே திறந்து பார்த்தேன். முதல் இடத்தில் 09:30 இருந்தது, பக்கத்தில் அமெரிக்கா/மெக்சிகோ_சிட்டி.